விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் பார்த்த காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டவாளம் ஒரு மீட்டர் அகலமாக இருந்த மீட்டர்கேஜ் காலத்து விழுப்புரம் ஜங்ஷனைப் பற்றிப் பேச்சு வந்தால் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அகலப்பாதை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள் கேட்பது ஒரு வகை. அதே பிளாட்பாரத்தில் எங்கள் பக்கத்திலேயே நின்றுவிட்டு, இப்போது வேறு ஊரில் இருப்பவர்கள் கேட்பது இன்னொரு வகை. இரண்டு தரப்புக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் சொல்வது பெரும்பாலும் 1970-களின் கடைசியிலிருந்து 1990-களின் தொடக்கம் வரையிலான காலம்.

ரயிலில் ஏறப் போவதில்லை, யாரையும் வழியனுப்பவும் இல்லை. சும்மா பார்ப்பதற்காகவா ஸ்டேஷனுக்குப் போவீர்கள்?

ஆமாம், அதற்காகத்தான் போனோம். கோயில் வாசலில் யானையைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்பவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றால் மட்டும் கேட்பார்கள். பதில் சொல்லித் தப்பிக்க எங்களிடம் சில பொய்கள் தயாராக இருந்தன. மாமா வருகிறார் என்பது அதில் முக்கியமானது. எந்த மாமாவும் வந்ததில்லை.

மெட்ராஸ் எழும்பூர் இருக்கும்போது விழுப்புரத்தில் என்ன இருந்தது?

எழும்பூரில் அழகான கட்டடம் இருந்தது. 1908-ல் திறந்தது, சிவப்பும் வெள்ளையுமாக இன்றைக்கும் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் அது வண்டிகள் புறப்படும் இடம், வந்து முடியும் இடம். வேலை நடக்கிற இடம் விழுப்புரம்.

விழுப்புரத்திலிருந்து ஐந்து திசைக்குப் பாதை பிரிகிறது. வடக்கே செங்கல்பட்டு வழியாக மெட்ராஸ். தெற்கே விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகும் கார்டு லைன், அதாவது குறுக்குப் பாதை. பண்ருட்டி, கடலூர், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு அதே திருச்சிக்குப் போகும் மெயின் லைன். கிழக்கே 38 கிலோமீட்டரில் பாண்டிச்சேரி, அது 1879-லேயே போட்ட பாதை. வடமேற்கே திருக்கோவிலூர், திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடி. தென்மாவட்டங்களுக்குப் போகிற மீட்டர்கேஜ் எக்ஸ்பிரஸ் எதுவாக இருந்தாலும் விழுப்புரத்தைத் தொடாமல் மெட்ராஸிலிருந்து வெளியேற முடியாது.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மெட்ராஸ் பக்கமிருந்து வந்த மின்கம்பி விழுப்புரத்தோடு முடிந்துவிட்டது. 1960-களின் நடுவில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மின்மயமாக்கினார்கள், அதற்குத் தெற்கே போகவில்லை. இந்தியாவில் மீட்டர்கேஜில் மின்சார ரயில் ஓடியதே இந்த ஒரு தடத்தில்தான். ஆகவே மின்சார எஞ்சின் இங்கே கழன்றுகொள்ள வேண்டும், டீசல் வந்து மாட்ட வேண்டும். கிளைப்பாதைகளில் பாசஞ்சர் வண்டிகளை இன்னும் கரி எஞ்சின்கள் இழுத்துக்கொண்டிருந்தன. மூன்று தலைமுறை எஞ்சின்களை ஒரே பிளாட்பாரத்தில் நின்று பார்க்க முடிந்தது.

என்னென்ன எஞ்சின்கள் வரும்? எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

எஞ்சின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும். முதல் எழுத்து ஒய் என்றால் மீட்டர்கேஜ், டபிள்யூ என்றால் அகலப்பாதை. அப்புறம் வருவது எஞ்சினின் வகையும் வேலையும்.

ஒய்.பி. என்பது பயணிகள் வண்டிக்கான நீராவி எஞ்சின். 1949 முதல் 1970 வரை சுமார் 870 எஞ்சின்கள் செய்யப்பட்டன, பெரும்பகுதி ஜாம்ஷெட்பூர் டெல்கோ தயாரிப்பு. ஒல்லியான உடம்பு, பெரிய சக்கரம். ஒய்.ஜி. சரக்கு வண்டிக்கானது. சக்கரம் சிறியது, எண்ணிக்கையில் அதிகம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒய்.ஜி. பாசஞ்சர் இழுப்பதும் சகஜம். எது கையில் இருக்கிறதோ அதை மாட்டுவார்கள். இந்தியாவில் தயாரான கடைசி மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின் ஒரு ஒய்.ஜி.தான், 1972-ல் சித்தரஞ்சனில் செய்தது. எங்களுக்கு அது பழங்காலத்து இயந்திரமாகத் தெரிந்தாலும் வயதில் எங்களைவிடச் சின்ன எஞ்சின்கள்கூட ஓடிக்கொண்டிருந்தன.

ஒய்.டி.எம்.-4 டீசல். முதலில் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்தது, பிறகு வாரணாசியில் செய்தார்கள். எங்கள் பக்கம் வந்தவை பெரும்பாலும் திருச்சி பொன்மலை ஷெட்டைச் சேர்ந்தவை. ஆறு சிலிண்டர். சும்மா நிற்கும்போது ஒரு நொண்டி நடை மாதிரி விட்டுவிட்டுத் துடிக்கும். டிரைவர் திராட்டிலைத் திறந்ததும் கரும்புகை ஒரு தூணாக எழும்பும், அதற்கப்புறம்தான் வண்டி அசையும். கண்ணை மூடிக்கொண்டே இதைச் சொல்லிவிடலாம்.

ஒய்.ஏ.எம்.-1 மின்சார எஞ்சின். ஜப்பானிலிருந்து வந்தது, எண் 219 என்று தொடங்கும். மொத்தமே இருபது எஞ்சின்கள் போலத்தான், வேறு எங்கும் ஓடியதில்லை. நியாயமாகப் பார்த்தால் நாங்கள் கொண்டாடியிருக்க வேண்டியது இதைத்தான். புகை இல்லை, சத்தம் இல்லை என்று அப்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத ஒன்றைத் தினமும் பார்த்துக்கொண்டு, அதை விட்டுவிட்டு ஊரெல்லாம் ஓடிய ஒய்.ஜி.யை வாய் பிளந்து பார்த்தோம்.

எஞ்சின் மாற்றுவது எப்படி நடக்கும்?

இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். விழுப்புரத்துக்குப் போனதே இதற்காகத்தான்.

மெட்ராஸ் பக்கமிருந்து எக்ஸ்பிரஸ் உள்ளே வரும். வண்டி நின்ற மாத்திரத்தில் ஜன்னல் ஜன்னலாக டீ, காபி, இட்லிப் பொட்டலம். சீசன் இருந்தால் பண்ருட்டிப் பலாச்சுளை. கூட்டம் முழுக்க அங்கே நிற்கும். நாங்கள் எதிர்த்திசையில், பிளாட்பாரத்தின் தெற்கு முனைக்கு ஓடுவோம்.

எஞ்சினைக் கழற்றி மாட்டும் ஊழியரான பாயிண்ட்ஸ்மேன் அங்கே ஏற்கெனவே தண்டவாளத்தில் இறங்கி நிற்பார். எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில் நுழைந்து, முதலில் வேக்கம் பிரேக், அதாவது வெற்றிட பிரேக்கின் குழாயைக் கழற்றுவார். காற்று உள்ளே இழுபடும் சத்தம் ஒரு பெருமூச்சாகக் கேட்கும். மீட்டர்கேஜில் எல்லாம் வேக்கம் பிரேக்தான். அடுத்து கப்ளிங். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பஃபர் இருக்கும் அகலப்பாதைப் பெட்டிகளைப் போலன்றி, இதில் நடுவில் ஒரே இணைப்பு, மேலே ஒரு கொக்கி. அதைத் தூக்கிவிட்டு வெளியே வந்து கையை ஆட்டுவார். மின்சார எஞ்சின் ஒரு சின்ன ஹாரன் கொடுத்துவிட்டு முன்னால் போய், கம்பி முடிகிற இடத்துக்கு முன்பே நின்று, வேறு தடத்தில் திரும்பிப் போகும்.

இப்போது அந்த வண்டிக்குத் தலை கிடையாது. சில நிமிடம் அப்படியே நிற்கும். பெட்டிகளுக்குள் இருப்பவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பின்பு டீசல் மெதுவாகப் பின்னோக்கி வரும். டிரைவர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, பாயிண்ட்ஸ்மேனின் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு வருவார். பகலில் பச்சைக்கொடி, இரவில் கைவிளக்கு. கடைசி ஒரு கஜத்தில்தான் டிரைவரின் தரம் தெரியும். நல்ல டிரைவர் மாட்டினால் பெட்டியில் இருப்பவர் கையில் இருக்கிற காபி சிந்தாது. மற்றவர் மாட்டினால் மேல் பர்த்தில் தூங்குகிறவர் எழுந்து உட்கார்ந்து எந்த ஊர் என்று கேட்பார். குழாயை மாட்டி, பிரேக்கில் வேக்கம் ஏறியதா என்று ரயில் கார்டு தன் பெட்டியில் இருக்கும் அளவுமானியைப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் கொடி காட்டுவார். தாமதமாக வந்த வண்டியென்றால் இவ்வளவும் பரபரவென்று முடிந்துவிடும். நேரத்துக்கு வந்த வண்டியில் கொஞ்சம் ஊர்க்கதையும் நடக்கும்.

எந்த நேரத்தில் போனால் அதிக வண்டி பார்க்கலாம்?

நடு இரவில். எழும்பூரிலிருந்து விழுப்புரம் 159 கிலோமீட்டர், எக்ஸ்பிரஸ் வண்டிக்கு மூன்று மணி நேரம் போலப் பிடிக்கும். சாயங்காலம் தொடங்கி ராத்திரி வரை எழும்பூரை விட்டுக் கிளம்பிய பாண்டியன், நெல்லை, ராக்ஃபோர்ட், கொல்லம் மெயில், ராமேஸ்வரம், தூத்துக்குடி வண்டிகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக விழுப்புரத்துக்கு வந்து சேரும்போது ஊர் தூங்கியிருக்கும். அவை போய் முடித்த கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து மெட்ராஸ் போகும் வண்டிகள் வரத் தொடங்கும். அதற்கு எஞ்சின் மாற்றம் தலைகீழ். டீசல் கழன்று மின்சாரம் ஏறும்.

பள்ளிக்கூடம் போகிற பையனை ராத்திரி ஒரு மணிக்கு யார் விடுவார்கள்? உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு யாராவது ரயிலேறும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். பெட்டி தூக்கிக்கொண்டு கூட வருகிறேன் என்று முதல் ஆளாக நிற்போம்.

பகலில் கிளைப்பாதைப் பாசஞ்சர்கள், சரக்கு வண்டிகள், அப்புறம் வைகை. வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15-ல் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தூரத்தை ஏழு மணி நேரச் சொச்சத்தில் கடந்து மதுரை சேர்ந்தது. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் இது சாதாரண விஷயமில்லை. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கு விடும் ஸ்பெஷல் வண்டிகள் தனி வேடிக்கை. அன்றைக்கு ஷெட்டில் ஓடக்கூடிய எஞ்சின் எதுவும் ஓய்வில் இருக்காது.

எஞ்சின் நம்பர்களை நோட்டில் எழுதி வைப்பீர்களாமே, வெள்ளைக்காரர்கள் மாதிரி?

இங்கிலாந்தில் அது ஒரு பெரிய இயக்கமாகவே நடந்தது. 1940-களிலிருந்து அங்கே எல்லா எஞ்சின் எண்களும் அச்சிட்ட சின்னப் புத்தகங்கள் கடையில் கிடைத்தன. பையன்கள் பிளாட்பார முனையில் நின்று, பார்த்த எண்ணுக்குக் கீழே கோடு போடுவார்கள். எல்லா எண்ணுக்கும் கோடு விழ வேண்டும் என்பதுதான் ஆட்டம்.

இங்கே அப்படி ஒரு புத்தகம் கிடையாது. எத்தனை எஞ்சின் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. ஆகவே எங்கள் நோட்டுகள் வேறு மாதிரி இருந்தன. எண் இருக்கும், பக்கத்தில் எந்த வண்டி, எவ்வளவு லேட், எந்த எஞ்சின் போய் எது வந்தது, விசில் எப்படி என்று எழுதியிருக்கும். எங்களில் சிலர் எண்ணே எழுதாமல் லேட்டை மட்டும் எழுதினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அறையிலேயே அவ்வளவு ஒழுங்காகப் பதிவு இருந்திருக்காது என்று எனக்கு ஒரு நினைப்பு.

கைகாட்டி, டோக்கன் என்றெல்லாம் சொல்கிறீர்களே, அது என்ன?

கைகாட்டி என்பது கம்பத்தின் உச்சியில் சிவப்புக் கை வைத்த சிக்னல். கை நேராக நீட்டியிருந்தால் நில், கீழே சாய்ந்தால் போகலாம். கேபினில் ஒருவர் நெம்புகோலை இழுத்தால், தண்டவாளத்தை ஒட்டி ஓடும் கம்பி இழுபட்டுக் கை சாயும். வண்டி வரப்போகிறது என்று எங்களுக்கு முதலில் சொன்னது அறிவிப்பு ஒலிபெருக்கி இல்லை, அந்தக் கம்பி கப்பிகளின் மேல் உரசும் சத்தம்தான்.

டோக்கன் ஒற்றைத் தடத்துக்கான காவல். அப்போது செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரே தடம்தான். எதிரெதிரே இரண்டு வண்டி ஒரே தடத்தில் வந்துவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் உள்ள தடத்துக்கு ஒரு உலோக உருண்டை. அது டிரைவர் கையில் இருந்தால்தான் அந்தத் தடத்தில் போகலாம். இரண்டு ஸ்டேஷனிலும் உள்ள இயந்திரங்கள் மின்கம்பியால் இணைந்தவை, ஒரு நேரத்தில் ஒரு உருண்டைதான் வெளியே வரும். அந்த உருண்டையைப் பையில் போட்டு, பெரிய வளையத்தில் கட்டிக் கொடுப்பார்கள்.

விழுப்புரத்தில் எல்லா வண்டியும் நின்றுவிடும் என்பதால் கைக்குக் கை மாறும், சுவாரசியம் கிடையாது. இதைப் பார்ப்பதற்கென்றே வடக்கே முண்டியம்பாக்கத்துக்குச் சைக்கிள் மிதித்தவர்கள் உண்டு. நிற்காத எக்ஸ்பிரஸில் வருகிறவர் ஒரு வளையத்தைக் கீழே எறிந்துவிட்டு, பிளாட்பாரத்தில் ஒருவர் உயர்த்திப் பிடித்திருக்கும் அடுத்த வளையத்தை ஓட்டத்திலேயே கையில் கோத்துக்கொள்வார். தவறவிட்டால் வண்டியை நிறுத்தியாக வேண்டும். இரவில் பக்கத்தில் ஒரு தீப்பந்தம் எரியும்.

போட் மெயில் விழுப்புரம் வழியாகப் போனதா?

போனது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் மெட்ராஸிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. பிறகு வண்டி ராமேஸ்வரத்தோடு நின்றது, கப்பலும் அங்கிருந்தே போய்க்கொண்டிருந்து, இலங்கை நிலவரத்தால் 1980-களில் அதுவும் நின்றுபோனது. நான் பார்த்த காலத்தில் பிளாட்பாரத்தில் எல்லோரும் போட் மெயில் என்றுதான் சொன்னார்கள். போட் எங்கே என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை.

போட்டோ ஏதாவது எடுத்தீர்களா?

இல்லை. ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம், கழுவிப் பிரிண்ட் போடும் காசுக்கு ஒரு மாதம் சினிமா பார்க்கலாம். தவிர, ரயில் நிலையத்தில் அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது என்ற விதி இருந்தது. கேமராவைத் தூக்கினால் யாராவது விசாரிக்க வருவார்கள். அனுமதிக் கடிதத்தோடு வந்த வெளிநாட்டு நீராவிப் பிரியர்கள் எடுத்த படங்கள்தான் இன்று பார்க்கக் கிடைப்பதில் பெரும்பங்கு. நம் ஊர் எஞ்சின் படத்தில், ஓரத்தில் முழங்கால் தெரிய நிற்கும் டவுசர் பையன் யாராகவும் இருக்கலாம்.

ஸ்டேஷன் ஊழியர்கள் துரத்த மாட்டார்களா?

டிக்கெட் பரிசோதகர் துரத்துவார். பிளாட்பாரம் டிக்கெட் வாங்கியிருந்தால் அவரும் ஒன்றும் சொல்ல முடியாது. கரி எஞ்சின் டிரைவர்களும் பயர்மேன்களும் பெரும்பாலும் நல்லவர்கள். தம்பி, கைப்பிடி சுடும், தொடாதே என்று சொல்லிக்கொண்டே மேலே ஏற்றிக்கொள்வார்கள். டீசல்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

பெண் பிள்ளைகள் வருவார்களா?

வரமாட்டார்கள், அதாவது வரவிட மாட்டார்கள். என் அக்காவுக்கு எல்லா வண்டியின் நேரமும் மனப்பாடம், வீட்டு மொட்டைமாடியிலிருந்து சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்வாள். பிளாட்பார முனையில் அவள் நின்றதே இல்லை. இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிய ஏக்கக் கதைகளில் இந்தப் பகுதியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

எப்போது எல்லாம் முடிந்தது?

ஒரே நாளில் முடியவில்லை. முதலில் கரி எஞ்சின்கள் 1990-களின் தொடக்கத்தில் போயின. 1992-ல் நாடு முழுக்க ஒரே அகலப்பாதை என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. 1990-களின் பிற்பகுதியில் திருச்சி கார்டு லைன் அகலமானது. சில வருடம் இரண்டு பாதையும் விழுப்புரத்தில் அருகருகே இருந்தன. பாண்டிச்சேரிப் பாதை 2004-ல் மாறியது, மாயவரம், காட்பாடிப் பாதைகள் 2010 வாக்கில். சென்னையில் கடற்கரை - தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயிலும் 2004-ல் நின்றது.

பிறகு திருச்சி வரைக்கும் மின்கம்பி போட்டார்கள். சென்னையில் மாட்டிய எஞ்சின் விழுப்புரத்தில் கழலவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. என்னைக் கேட்டால் விழுப்புரத்தில் வேடிக்கை பார்ப்பது முடிந்தது அப்போதுதான். கரிப்புகை போனதை எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். டீசலும் மின்சாரமும் மட்டுமே இருந்த வருடங்களிலும் அங்கே பார்க்க நிறைய இருந்தது, ஏனென்றால் வண்டி நின்றது, அதன்மேல் ஆட்கள் வேலை செய்தார்கள். இன்றைக்கு நிற்கிறது, கிளம்புகிறது.

அந்தக் காலம் திரும்பி வந்தால் நன்றாக இருக்குமா?

பார்ப்பவனுக்கு நன்றாக இருக்கும். பயணிக்கு வேண்டாம். காட்பாடியில் இறங்கி, மூட்டை முடிச்சோடு அகலப்பாதை வண்டிக்கு ஓடியவர்களைக் கேளுங்கள். கண்ணில் கரித்தூள் விழுந்து ஊர் போய்ச் சேரும் வரை தேய்த்துக்கொண்டிருந்தவர்களைக் கேளுங்கள். மே மாதத்தில் அந்தக் கொதிகலன் முன்னால் நின்று மண்வாரியால் கரி போட்ட பயர்மேனுக்கு இதில் ஏக்கப்பட ஒன்றும் இருந்திருக்காது.

மீட்டர்கேஜ் எஞ்சின்களை இப்போது எங்கே பார்க்கலாம்?

ஓடுவதைப் பார்க்கத் தமிழ்நாட்டில் ஒரே இடம் நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையம் - குன்னூர் பல்சக்கரப் பாதையில் நீராவி எஞ்சின் இன்னும் தள்ளுகிறது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த பட்டை இருப்பதால் அது தனி ஜாதி எஞ்சின், விழுப்புரத்தில் ஓடியதோடு ஒப்பிட முடியாது. பாதையின் அகலம் மட்டும் அதே ஒரு மீட்டர். நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னை ஐ.சி.எஃப். பக்கத்தில் உள்ள ரயில் அருங்காட்சியகம், திருச்சியில் உள்ள ரயில்வே அருங்காட்சியகம், டில்லி தேசிய ரயில் அருங்காட்சியகம். குழந்தைகளைக் கூட்டிப் போவதாக இருந்தால் சென்னை போதும், சாவகாசமாகச் சுற்றலாம்.

எங்கள் வீட்டுப் பரணில் பழைய ரயில்வே கால அட்டவணை, அட்டை டிக்கெட்டுகள், தாத்தாவின் டூட்டி நோட்டு இருக்கின்றன. என்ன செய்வது?

பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். கால அட்டவணைப் புத்தகங்கள் பலரிடம் இருக்கும், டூட்டி நோட்டுதான் அரிது. எந்தத் தேதியில் எந்த எஞ்சின், எந்த வண்டி, எங்கே நின்றது, ஏன் நின்றது என்று அதில் எழுதியிருந்தால் வேறெங்கும் கிடைக்காத தகவல் அது. முதலில் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து வையுங்கள். பென்சில் எழுத்தாக இருந்தால் பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டிலிருந்து ஒளி விழுமாறு எடுத்தால் தெளிவாக வரும். அட்டை டிக்கெட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்காதீர்கள், ஈரம் தங்கி அச்சு ஒட்டிக்கொள்ளும். தாத்தா இருக்கிறார் என்றால் அட்டவணையை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த ஸ்டேஷனில் எவ்வளவு லேட் ஆகும், யார் மேல் தப்பு என்பதில் ஆரம்பிப்பார்.